தே தாரிக்கை நிறுத்தினால் முதலாளி ஆகலாமா?

"சம்பளம் குறைச்சல் என்பதெல்லாம் சாக்கு. மாதம் ஐம்பது வெள்ளியை ஒதுக்கிப் போடு. பத்து வருஷத்தில் பணம் உனக்காக உழைக்கும். நீ தூங்கும்போதும் வருமானம் வரும்." சிலிம் ரிவர், துரோலாக், பேராங், தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போகிற இளைஞர்களின் காதில் இன்று ஓயாமல் விழுகிற உபதேசம் இது. கைப்பேசிக் காணொளியில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கில் வருகிறது. யூனிட் டிரஸ்ட் விற்கும் சொந்தக்காரர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போகிறார். சொல்பவர்களில் பலர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் குறைந்த சம்பளக்காரருக்கு இது தவறான உபதேசம். ஏன் தவறு என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்து வைப்போம். வட்டிக்கு வட்டி சேரும். சீக்கிரம் தொடங்கியவனுக்கே காலம் துணை நிற்கும். பணத்தைச் சும்மா வைத்திருந்தால் விலைவாசி அதைத் தின்றுவிடும். அமானா சஹாம் கணக்கைப் பத்து ரிங்கிட்டில் தொடங்கலாம். எனவே காசில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சம்பளத்தால் யாரும் பணக்காரராகவில்லை, சொத்து வைத்திருந்தவர்களே ஆனார்கள். கடைசியாக, நம் மனத்தைத் தைக்கிற வாதம்: தோட்டத்தில் மூன்று தலைமுறை உழைத்த நம் சமூகம் கூலி வாங்கியதே தவிர உடைமை சேர்க்கவில்லை, நாட்டின் நிறுவனப் பங்குடைமையில் இந்தியர் பங்கு 1970இல் ஒரு விழுக்காட்டை ஒட்டி இருந்தது, அதன் பிறகும் பெரிதாக உயரவில்லை, இனியாவது முதலீடு செய்யப் பழக வேண்டாமா?

இதில் பெரும்பாலான வாக்கியங்கள் தனித்தனியே பார்த்தால் உண்மை. அவற்றைச் சேர்த்து எடுக்கிற முடிவுதான் பொய்.

1. கணக்கைக் கடைசி வரி வரை போட்டீர்களா?

மாதம் 50 ரிங்கிட். ஆண்டுக்கு 5 விழுக்காடு கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பூமிபுத்ரா அல்லாதவரும் வாங்கக்கூடிய நிலையான விலை அமானா சஹாம் திட்டங்கள் அண்மை ஆண்டுகளில் கொடுத்தது ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு. அதுவும் யூனிட் கிடைத்தால்தான். ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்ற பதில் பலருக்கும் பழக்கமானது. பத்து ஆண்டு ஒரு மாதம்கூடத் தவறாமல் போட்டால் சேர்வது சுமார் 7,750 ரிங்கிட். அதன் 5 விழுக்காடு ஆண்டுக்கு 388. மாதத்துக்கு 32 ரிங்கிட்.

பத்து ஆண்டுத் தவத்துக்குக் கிடைக்கும் "பேசிவ் இன்கம்" இவ்வளவுதான். மோட்டாருக்கு நாலைந்து முறை எண்ணெய் ஊற்றலாம்.

ஐம்பதை நூறாக்கினால் மாதம் 65 ரிங்கிட் வரும். முப்பது ஆண்டு நூறு நூறாகப் போட்டால் 83,000 சேரும். அது மாதம் சுமார் 345 தரும். விலைவாசி ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறினால் அந்த 345க்கு இன்றைய மதிப்பு 190 ரிங்கிட். இருபத்தைந்து வயதில் தொடங்கியவர் ஐம்பத்தைந்தில் அடையும் "பொருளாதாரச் சுதந்திரம்" இது. இன்றைய குறைந்தபட்ச சம்பளமான 1,700 ரிங்கிட்டை 5 விழுக்காட்டு ஈவிலிருந்தே பெற வேண்டுமானால் 4 இலட்சத்து 8 ஆயிரம் ரிங்கிட் முதல் வேண்டும். கருத்தரங்கு மேடையில் வட்டிக்கு வட்டியின் வரைபடம் மேலே பாய்ந்து போவதைக் காட்டுவார்கள். இந்தக் கடைசி வரியைக் காட்டுபவர் அரிது. விழுக்காடு பெரிய முதலுக்குத்தான் பெரிய தொகையைத் தரும். சிறிய முதலுக்கு எந்த ஒழுக்கமும் அதைத் தராது.

2. சேமிக்காதது குணக்கேடா, சம்பளக்கேடா?

சம்பளச் சீட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மொத்தச் சம்பளம் 1,700. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187. சொக்சோவுக்கும் வேலை காப்புறுதிக்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு ரிங்கிட். கைக்கு வருவது சுமார் 1,500. எடுத்துக்காட்டாக வாடகை 450, அரிசி சாமான் 500, மோட்டார் தவணையும் எண்ணெயும் 300, மின்சாரம், தண்ணீர், கைப்பேசி 150 என்று வைத்தால் மிச்சம் நூறு. இதில் பிள்ளையின் பள்ளிச் செலவு இல்லை, ஊரிலிருக்கும் அம்மாவுக்குக் கொடுப்பது இல்லை, தீபாவளி இல்லை, கல்யாண மொய் இல்லை.

இந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "தே தாரிக்கை நிறுத்து" என்று ஒருவர் சொல்கிறார். நிறுத்தலாம். நாளைக்கு இரண்டு ரிங்கிட் என்றால் மாதம் அறுபது. அதைப் பத்து ஆண்டு முதலீடு செய்தால் மாதம் கிடைப்பது சுமார் 39 ரிங்கிட். அறுபது ரிங்கிட் சுகத்தைப் பத்து ஆண்டு துறந்தவனுக்கு 39 ரிங்கிட் சுகம்! அந்தத் தேநீர் மேசையில்தான் "பக்கத்துத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள்", "அங்கே ஓ.டி. அதிகம்" என்கிற தகவல் கைமாறுகிறது. அதற்கு யாரும் விலை போடுவதில்லை.

செலவைக் குறைக்கச் சொல்வதில் குற்றமில்லை. வருமானத்தின் குறையைச் செலவின் குறையாக மாற்றிப் பேசுவதில்தான் குற்றம். 5,000 ரிங்கிட் வாங்குபவர் சேமிக்கவில்லை என்றால் அது பழக்கத்தின் பிரச்சினையாக இருக்கலாம். 1,700 வாங்குபவர் சேமிக்கவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த 1,700ஐ.

3. ஐந்து விழுக்காடு உள்ளே வரும்போது இருபத்து நான்கு வெளியே போகிறதே?

அடகுச் சீட்டு இல்லாத வீடு நம்மிடையே எத்தனை? ஆயிரம் ரிங்கிட்டுக்கு ஒரு சங்கிலி அடகில் இருக்கிறது என்று வைப்போம். மாதம் 2 விழுக்காடு வட்டி என்றால் இருபது ரிங்கிட், ஆண்டுக்கு 240. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துவிட்டு வருகிறார்கள். அதே வீட்டில் மகன் அமானா சஹாமில் ஆயிரம் ரிங்கிட் சேர்த்து வைத்து ஆண்டுக்கு 50 ரிங்கிட் ஈவு வாங்குகிறான். குடும்பக் கணக்கில் ஆண்டுக்கு 190 ரிங்கிட் நட்டம். கைப்பேசிச் செயலியில் மட்டும் அது இலாபமாகத் தெரிகிறது.

அந்த ஆயிரத்தைக் கொண்டுபோய்ச் சங்கிலியை மீட்டால் கிடைப்பது 24 விழுக்காடு, சந்தை ஏறினாலும் இறங்கினாலும் மாறாத 24 விழுக்காடு. எந்த யூனிட் டிரஸ்ட்டும் இதற்கு உறுதி தர முடியாது. மீட்க முடியாவிட்டாலும், கட்டணம் பெரும்பாலும் குறைவாக உள்ள இஸ்லாமிய அடகுமுறையான அர்-ரஹ்னுக்கு மாற்றினாலே மிச்சம். அது எல்லா இனத்தவருக்கும் திறந்திருக்கிறது. கடன் அட்டை நிலுவைக்கு ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வட்டி. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு வாங்கக்கூடிய உச்சவரம்பு 18 விழுக்காடு. ஆலோங்கிடம் வாங்கியிருந்தால் கணக்கே வேண்டாம். இந்தக் கடன்களில் ஒன்றாவது இருக்கும்வரை "முதலீடு" என்ற சொல்லை அந்த வீட்டில் உச்சரிக்கவே கூடாது. கடனை அடைப்பதே அந்த வீட்டின் ஆகச் சிறந்த முதலீடு.

ஆனால் இதை விற்க முகவர் இல்லை. உங்கள் கடன் அடைந்தால் யாருக்கும் கமிஷன் வராது.

4. நீண்ட காலம் காத்திரு என்கிறீர்கள்; வாழ்க்கை காத்திருக்குமா?

சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி எல்லா வகுப்பிலும் பாடம் நடத்துகிறார்கள். குறைந்த சம்பளக்காரரைக் கவிழ்ப்பது அதைவிட அவர் வீட்டின் ஏற்ற இறக்கம்தான். மோட்டார் என்ஜின் போகும். ஓ.டி. நிற்கும். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும். இதற்கெல்லாம் கையில் மூவாயிரம் ரிங்கிட் ரொக்கம் இல்லாதவர், எவ்வளவு நல்ல முதலீட்டையும் தவறான நேரத்தில் விற்றே தீர வேண்டும்.

இது ஊகமில்லை, நாடே பார்த்தது. கோவிட் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 2022இல் பத்தாயிரம் ரிங்கிட் வரையிலான சிறப்பு மீட்பு என நான்கு வழிகளில் சேமநிதியிலிருந்து மொத்தம் 145 பில்லியன் ரிங்கிட் வெளியே போனது. எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எடுத்தார்கள். ஓய்வுக்காலப் பணத்தை எடுத்தது புத்தியின்மை என்று அப்போதும் சிலர் திட்டினார்கள். அரிசி வாங்க வேறு காசு இல்லாதவனுக்கு 2020ஆம் ஆண்டின் 5.20 விழுக்காட்டு ஈவு என்ன செய்யும்?

அதனால் வரிசையை மாற்ற வேண்டும். முதலீட்டுக்கு முன் இரண்டு மூன்று மாதச் செலவுக்கான ரொக்கம், சாதாரண வங்கிக் கணக்கில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி. விலைவாசி அதில் கொஞ்சம் தின்னட்டும். அது ஆலோங்கிடம் போகாமல் இருப்பதற்குக் கொடுக்கும் கட்டணம்.

5. கையிலிருக்கும் முதலீட்டைக் கேட்டு வாங்கினீர்களா?

என்னை மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். ஐம்பது ரிங்கிட்டை எங்கே போடுவது என்று இரண்டு மணி நேரம் பேசுகிறவர்கள், "உன் முதலாளி சேமநிதி கட்டுகிறாரா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்பதில்லை.

சட்டப்படி, 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்கும் ஊழியருக்கு முதலாளி 13 விழுக்காடு சேமநிதி கட்ட வேண்டும். 1,700க்கு அது 221 ரிங்கிட். நீங்கள் போடுவது 187. அந்தக் கணமே அதன்மேல் 221 சேர்கிறது. போட்ட அன்றே நூறு விழுக்காட்டுக்கு மேல் இலாபம். அதற்கும் மேல் ஆண்டு ஈவு; 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு. சட்டமே குறைந்தது 2.5 விழுக்காட்டுக்கு உத்தரவாதம் தருகிறது. உலகத்தில் எந்த முதலீட்டு குரு இதற்கு இணையாக ஒன்றைக் காட்டுவார்?

உணவுக்கடையிலும், கார் கழுவும் இடத்திலும், மோட்டார்ப் பட்டறையிலும், தோட்டக் குத்தகைக்காரரிடமும் "கைக்காசு" வாங்கி வேலை செய்கிற இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். "ஈ.பி.எஃப். பிடிக்க வேண்டாம் முதலாளி, முழுசா கொடுங்க" என்று அவர்களே சொன்னதும் உண்டு. 187 கையில் கூடுதலாக நிற்கிறதே என்ற மகிழ்ச்சியில் 221 போவது தெரிவதில்லை. ஆண்டுக்கு 2,652 ரிங்கிட். அதை விட்டுவிட்டு மாதம் ஐம்பது ரிங்கிட் முதலீடு செய்பவர் ஆண்டுக்கு 600 ரிங்கிட்டைக் காத்து 2,652ஐ இழக்கிறார்.

சொக்சோவும் அப்படித்தான். தஞ்சோங் மாலிமுக்கு இரவு ஷிப்டுக்கு மோட்டாரில் போகும் பையன் வழியில் விழுந்தால் அதுவும் வேலை விபத்துக் காப்பில் அடங்கும்; மருத்துவ விடுப்பு நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். சந்தா மாதங்கள் போதுமான அளவு நிறைந்திருந்து, நோயால் இனி வேலை செய்யவே முடியாது என்றானால், சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை மாதாமாதம் ஓய்வூதியம். இறந்துபோனால் மனைவி மக்களுக்கு. "வேலை செய்யாமலே வரும் வருமானம்" வேண்டும் என்றால் அது ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. முதலாளி சந்தா கட்டாமல் விட்டால் அது கிடைப்பதும் சிக்கலாகிறது.

சொந்தத் தொழில், நிரந்தர முதலாளி இல்லாத வேலை என்றால்? சேமநிதியில் ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. நீங்கள் போடுவதன்மேல் அரசு ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் வரை சேர்க்கிறது. இதைப் பற்றி எத்தனை காணொளி பார்த்தீர்கள்?

6. இருநூறு ரிங்கிட் சம்பள உயர்வின் மதிப்பு என்ன?

"சம்பளத்தை நம்பாதே, சொத்தை நம்பு" என்பார்கள். சரி, சம்பளத்தைச் சொத்தாக மாற்றியே அளப்போம். 2022 மே 1ஆம் தேதி 1,500 ஆன குறைந்தபட்ச சம்பளம், 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ஆனது. மாதம் 200 கூடுதல், ஆண்டுக்கு 2,400. 5 விழுக்காட்டு ஈவில் ஆண்டுக்கு 2,400 பெற 48,000 ரிங்கிட் முதல் வேண்டும். மாதம் நூறு ரிங்கிட் போட்டு அந்த 48,000ஐச் சேர்க்க 22 ஆண்டு ஆகும். இருபத்திரண்டு ஆண்டு தே தாரிக் இல்லாமல் இருந்து அடைய வேண்டியதைச் சட்டத்தின் ஒரு கையெழுத்து அடுத்த சம்பள நாளிலேயே கொடுத்துவிட்டது. கூடவே முதலாளியின் சேமநிதிப் பங்கும் 26 ரிங்கிட் ஏறியது.

அந்தக் கையெழுத்து தானாக விழுந்ததா? 2013க்கு முன் இந்த நாட்டில் எல்லோருக்குமான குறைந்தபட்ச சம்பளமே கிடையாது. தீபகற்பத்தில் 900 என்று தொடங்கியது. அதற்கு முன்னால் தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் கேட்டுப் பல ஆண்டு போராடினார்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை என்ற நிலையில் இருந்து வந்தவர்கள் நாம். நம் பாட்டன்மாரின் வருமானத்தை உயர்த்தியது பங்குச் சந்தையைவிடச் சங்கம்தான். தனி மனிதன் கைப்பேசியோடு ஒதுங்கி உட்கார்ந்து பணக்காரனாகும் கனவு, இந்த வரலாற்றைப் பயனற்றதாக்கிவிடுகிறது. சம்பளம் கேட்பது பழைய புத்தி, முதலீடு செய்வது புதிய புத்தி என்று இளைஞன் நம்பத் தொடங்கினால் அதனால் நிம்மதியாகத் தூங்குவது அவன் முதலாளிதான்.

தனி ஆளாகச் செய்யக்கூடியதும் உண்டு. நூறு ரிங்கிட் மிஞ்சுகிறதா? கனரக வாகன உரிமத்துக்கோ, போர்க்லிப்ட் பயிற்சிக்கோ, வெல்டிங்குக்கோ, சார்ஜ்மேன் தகுதிக்கோ சேருங்கள். சிலிம் ரிவரிலேயே தொழிற்கல்விக் கல்லூரி இருக்கிறது, எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலை வட்டாரத்தில் ஒரே வாசல் திறப்பதில்லை. ஒரு தகுதியால் சம்பளம் 300 கூடினால் அது 72,000 ரிங்கிட் முதலுக்குச் சமம்.

7. நம்மவர்கள் முதலீடு செய்யவில்லை என்று யார் சொன்னது?

செய்தார்கள். இரண்டு முறை, சமூகமாகச் சேர்ந்து செய்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் என் வாதம் முழுதும் அதில் இருக்கிறது.

முதலாவது 1960இல். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடலில் வேலையும் போனது, லயத்து வீடும் போனது. அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கி, பல தோட்டங்கள் வாங்கப்பட்டன. அந்தப் பத்து வெள்ளி எல்லா உறுப்பினரையும் பணக்காரராக்கவில்லை. ஆனால் அது எதை வாங்கியது என்று பாருங்கள்: தாங்களே வேலை செய்கிற, தங்களுக்குத் தெரிந்த மரத்தை, தங்கள் தலைக்கு மேலிருந்த கூரையை. ஈவு வரும் முன்பே வேலையும் வீடும் காப்பாற்றப்பட்டன.

இரண்டாவது 1980களின் தொடக்கத்தில். சமூகத்தின் முதலீட்டு நிறுவனமாக வந்த மைக்கா ஹோல்டிங்ஸ். அறுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள், சுமார் 106 மில்லியன் ரிங்கிட். தோட்டத் தொழிலாளர்கள் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பங்கு வாங்கினார்கள். சமூகம் முதலீட்டாளராக மாறவேண்டும் என்ற அதே அறைகூவல்தான் அன்றும். 1990இல் மைக்காவுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு கோடி டெலிகோம் பங்குகளில் பத்து இலட்சம் மட்டுமே அதற்கு வந்ததாக எழுந்த சர்ச்சை ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை. கடைசியில் 2010இல் ஒரு வெள்ளிப் பங்கை 80 சென்னுக்கு வாங்கிக்கொள்ள ஒரு தரப்பு முன்வந்தபோது, அதையே விடிவாகப் பலர் நினைத்தார்கள்.

அதே காலத்தில் சேமநிதி என்ன கொடுத்தது? 1987 வரை ஆண்டுக்கு 8.5 விழுக்காடு, 1994 வரை 8 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறைந்து 4, 5, 6 விழுக்காடுகள். 1984 தொடக்கத்தில் சேமநிதியில் இருந்த ஒரு ரிங்கிட், எடுக்காமல் விட்டிருந்தால் 2009 முடிவில் ஐந்து ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும். மைக்காவின் ஒரு ரிங்கிட்டுக்கு விலை 80 சென். இடையில் ஏதேனும் ஈவு கிடைத்திருந்தாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

ஆகவே முதலீட்டு அறிவு இல்லாததால்தான் நாம் பின்தங்கினோம் என்பது அரை உண்மைகூட இல்லை. உழைப்பாளியின் காசு அவன் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருந்தபோது அவனைக் காத்தது; எட்டாத இடத்துக்குப் போனபோது கரைந்தது. இன்றைய செயலிகளும் மூடிய குழுக்களும் அந்தக் காசை இன்னும் எட்டாத இடத்துக்கே கொண்டு போகின்றன.

8. இந்த உபதேசத்தால் யாருக்கு வருமானம்?

சில பங்கு யூனிட் டிரஸ்ட்டுகளில் நேரடியாகப் பணம் போட்டால் விற்பனைக் கட்டணமே 5 விழுக்காடு வரை போகும். நூறு கொடுத்தால் 95தான் உள்ளே போகிறது. முதல் ஆண்டு ஈவு அந்த ஓட்டையை அடைக்கவே சரியாகிவிடும். அதற்கு மேல் ஆண்டுதோறும் நிர்வாகக் கட்டணம். இவை சட்டப்படியானவை, மறைக்கப்பட்டவையும் அல்ல. ஆனால் ஐம்பது ரிங்கிட் போடுபவரிடம் இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

சட்டப்படி இல்லாதவை இன்னும் மோசம். மாதம் 32 ரிங்கிட் என்ற உண்மைக் கணக்கு ஒருநாள் இளைஞனுக்குத் தெரியவரும். அப்போது அவன் என்ன செய்வான்? பொறுமையாக இருபது ஆண்டு காத்திருப்பான் என்று குருமார்கள் நினைக்கிறார்கள். அவன் மாதம் 20 விழுக்காடு தருகிறோம் என்பவரிடம் போகிறான். பினாங்கில் ஜே.ஜே.பி.டி.ஆர். என்ற அந்நியச் செலாவணித் திட்டம் அப்படித்தான் ஆள் சேர்த்தது. 2017இல் கணக்குகளை யாரோ ஊடுருவி 500 மில்லியன் ரிங்கிட் போய்விட்டது என்று கைவிரித்தது. பேங்க் நெகாராவும் செக்யூரிட்டிஸ் கமிஷனும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன, பட்டியலும் நீண்டுகொண்டே இருக்கிறது. நேர்மையான குருவுக்கும் மோசடிக்காரருக்கும் தொடர்பு இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் "சம்பளம் போதாது, உழைக்காத வருமானமே விடுதலை" என்ற பசியை முன்னவர் கிளப்புகிறார், பின்னவர் பரிமாறுகிறார்.

அப்படியானால் சேமிக்கவே வேண்டாமா?

இப்படித்தான் என்னைத் திருப்பிக் கேட்பார்கள். நான் சொல்வது வரிசையைப் பற்றி. முதலாளி சேமநிதி கட்டுகிறாரா என்று கைப்பேசியில் சேமநிதிச் செயலியைத் திறந்து மாதாமாதம் பார், சொக்சோவையும் உறுதி செய்துகொள். கட்டவில்லையென்றால் வாரியத்தில் புகார் கொடு. அடகிலும் கடன் அட்டையிலும் இருப்பதை மீட்டு முடி. இரண்டு மூன்று மாதச் செலவை ரொக்கமாக வை. சம்பளத்தை உயர்த்துகிற ஒரு தகுதியைச் சம்பாதி. வேலையிடத்தில் சங்கம் இருந்தால் சேர். இவ்வளவும் ஆன பிறகு மிஞ்சுவதை அமானா சஹாமிலோ சேமநிதியில் சுயமாகவோ போடு. அங்கே போட்டதை மறந்துவிடு. கடைசிப் படியை முதல் படி என்று சொல்லி விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஏழையின் மூலதனத்தில் பாதி அவன் கணக்கில் இருப்பதே இல்லை. சிலிம் ரிவர் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு ரிங்கிட் கட்டி மருந்து வாங்குகிறோம். கட்டணமில்லாத பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறோம். இவற்றைத் தனியாரிடம் வாங்க வேண்டியிருந்தால் மாதம் எத்தனை நூறு ஆகும், அந்த நூறுகளை ஈவாகத் தர எத்தனை ஆயிரம் முதல் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தச் செயலியிலும் காட்டாத அந்தப் பங்குடைமையைக் காப்பதும் முதலீட்டுப் பேச்சுதான். மருத்துவமனையில் ஆள் குறையும்போது குரல் கொடுக்காமல், மாதம் 32 ரிங்கிட் ஈவுக்காகக் கைதட்டுவது நட்டக் கணக்கு.

சேமநிதி வாரியமே 55 வயதில் ஒருவருக்கு வேண்டிய அடிப்படைச் சேமிப்பு என்று நெடுநாள் சொல்லிவந்த 2 இலட்சத்து 40 ஆயிரத்தை இப்போது படிப்படியாக 3 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு உயர்த்துகிறது. 1,700 ரிங்கிட் சம்பளத்தில் சேமநிதிக்கு மாதம் மொத்தம் போவது 408. சம்பளம் உயராவிட்டால், வேலை விட்டுவிட்டு அமையாமலும் இடையில் எடுக்காமலும் இருந்தால்தான் அந்த இலக்கு கண்ணுக்குத் தெரியும். அந்த 408ஐ 508 ஆக்குகிற நல்ல வழி சம்பளத்தை உயர்த்துவது. அதைத் தே தாரிக்கில் மிச்சம் பிடிக்க முடியாது.

எனவே அடுத்த கருத்தரங்கை நடத்துபவருக்கு ஒரு கோரிக்கை. மேடையேறியதும் வட்டிக்கு வட்டி வரைபடத்தைக் காட்டும் முன், கூட்டத்தைப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள்: உன் முதலாளி சேமநிதி கட்டுகிறாரா? உன் வீட்டில் அடகுச் சீட்டு இருக்கிறதா? உன் சம்பளம் கடைசியாக எப்போது ஏறியது? பதிலைக் கேட்ட பிறகும் உங்களுக்கு அந்த வரைபடத்தைக் காட்டத் தோன்றினால், நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காட்டுங்கள். அந்தக் காசாவது அவர்கள் கையில் மிஞ்சும்.